கொரோனா வருஷங்களில் ஆன்லைன் கிளாஸில் காலேஜ் பசங்க சோர்ந்ததும் தாக்குப்பிடித்ததும்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் பகிரலாம்

வியாசர்பாடி, ட்யூஷன் வாத்தியார்:
சோம்பலையும் இந்தச் சோர்வையும் வீட்டில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சோம்பல் ஒரு நாள் ஓய்வு விட்டால் போய்விடும். இது போகாது. ஞாயிறு முழுக்கத் தூங்கிய பையனுக்குத் திங்கட்கிழமை கிளாஸ் லிங்க்கைத் தொட விரல் வராது. அடுத்தது, "இதைப் படிச்சு என்னா ஆவப்போவுது" என்கிற பேச்சு. அப்புறம், போன வருஷம் சுலபமாகப் போட்ட கணக்கையே பார்த்து "எனக்கு வராது சார்" என்பான். மூன்றும் சேர்ந்திருந்தால் திட்டிப் பிரயோஜனமில்லை.

ராயபுரம், பிரவுசிங் சென்டர்:
சார், வீட்டு அளவையும் சேர்த்துக்கணும். பத்துக்குப் பத்து ரூம், அஞ்சு பேர், ஒரே போன். 2020 மே, ஜூனில் சென்னை சிட்டியிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் கேஸ் அதிகம்; தெருவில் நிற்கவும் வழியில்லை. 2021 ஜனவரியில் அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவிச்சுது. வீடியோவோட நாலு கிளாஸ் பார்த்தா அது காலி. அப்புறம் அம்மா போனில் ஹாட்ஸ்பாட், அதுக்கொரு சண்டை. டேட்டா மிச்சமாகணும்னா நம்ம கேமராவை மட்டும் அணைச்சா பத்தாது, உள்ளே வர்ற வீடியோவையும் நிறுத்தணும்.

பரீட்சையில் பாதி உயிரை எடுத்தது எழுதுறது இல்லை, வீட்டில் எழுதின விடைத்தாளை போனில் படம் எடுத்து பிடிஎஃப்பா ஏத்துறது. ட்யூப்லைட்டுக்குக் கீழே போனைப் பிடிச்சா கை நிழல் விழுந்து பக்கம் கறுத்துப்போவும். பகலில் ஜன்னலோரம் தரையில் தாளை வெச்சு எடுக்கணும், பக்க வரிசை பார்த்து, ஃபைலைச் சுருக்கி, அப்புறம் ஏத்தணும். முதல் நாளே நாலு தாளில் ஒத்திகை பார்த்தவங்க பதறலை.

காசிமேடு, மனநல ஆலோசகர்:
தாக்குப்பிடிப்பது என்றால் பல்லைக் கடிப்பது என்று நினைக்கிறார்கள். விழுந்தவன் எவ்வளவு சீக்கிரம் எழுகிறான் என்பதுதான் கணக்கு. தூங்கும் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், எழும் நேரத்தைப் பிடிங்க. 3 மணிக்குப் படுத்தாலும் காலை 7:30க்கு மொட்டைமாடி, 20 நிமிஷம் வெயில். பகலில் அரை மணிக்கு மேல் தூக்கம் கூடாது. முதல் நாலைந்து நாள் மண்டை கனக்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். பத்தைத் தொட்டால் டாக்டரிடம் போகணும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் பூஜ்யம் இல்லையென்றால் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீங்க, அன்றைக்கே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ராத்திரியில் போன் பண்ண 104 உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து 14416ம் இருக்கிறது. "பைத்தியம்னுவாங்க" என்று பையன் இழுத்தால், தூக்கம் வரலைன்னு காட்டப்போறோம் என்று சொல்லிக் கூட்டிப்போங்க. அதுவும் பொய்யில்லையே.