ராஸ்பெரி பையில் இன்ஸ்டோல் கெதியா முடிய என்ன வழி?

களுவாஞ்சிக்குடி_லேப்:
பாடசாலைக் கணினிக்கூடத்துக்கு 6 ராஸ்பெரி பை 3பி (சின்னக் கணினி போர்ட்). 1 ஜிபி ரேம், 16 ஜிபி எஸ்டி காட், 32-பிட் புக்வேர்ம் ஓஎஸ். டவுன்லோட் முடிஞ்ச பிறகும், பெக்கேஜ் போடுற ஆப்ட் கட்டளை "அன்பெக்கிங்"கில நிண்டுடுது. பைதான் பெக்கேஜ் போடுற பிப்பில ஓப்பன்சிவி (படங்களை ஆராயுற லைப்ரரி) போட்டா "பில்டிங் வீல்" எண்டு மணிக்கணக்கா ஓடி, போர்டே ரீபூட் ஆகுது. இணையம் போன் ஹொட்ஸ்பொட்தான். ஓவர்கிளொக் செய்து சிபியு வேகத்தைக் கூட்டினாச் சரிவருமா?

வாவிக்கரை:
ஓவர்கிளொக் வேணாம் தம்பி. ரீபூட் ஆகுறது அனேகமா கறண்ட் போதாமதான். நாலு கோரும் ஒண்டா ஓடுறநேரம், மெல்லிசான போன் கேபிளில வோல்டேஜ் விழும். 4.63 வோல்டுக்குக் கீழ போனா பை 3 தானாகவே 600 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கிடும். "விசிஜென்சிஎம்டி கெட்_துரொட்டில்ட்" அடிச்சுப் பாருங்க. 0எக்ஸ்0 வராட்டி 5.1 வோல்ட், 2.5 அம்பியர் சப்ளை ஒண்டு மாத்துங்க.

அடுத்தது காட். இன்ஸ்டோல் ஓடும்போது இன்னொரு டேர்மினலில "டொப்" திறந்து டபிள்யூஏ எண்ணைப் பாருங்க. அது கூடவா நிண்டா சிபியு சும்மா இருந்து காட்டுக்குக் காத்துக்கொண்டிருக்குது. ஆப்ட்டுக்குள்ள ஓடுற டிபிகேஜி, எழுதுற ஃபைல்களை எஃப்சிங்க் பண்ணி, காட்டில பதிஞ்சதை உறுதிப்படுத்தித்தான் அடுத்த வேலைக்குப் போகும்; இப்பிடிச் சின்னச் சின்னதா எழுதுறதுக்கு மலிவான காட் ஈடுகொடுக்காது. ஏ1 அடையாளம் உள்ள காட் வாங்குங்க, அது செக்கனுக்கு ஆகக்குறைஞ்சது 500 தரம் எழுதும் எண்டது உறுதி. இருக்கிற காட்டோடயே சமாளிக்க, எஃப்சிங்கைத் தவிர்க்கிற "ஈட்மைடேட்டா" போட்டு, "சூடோ ஈட்மைடேட்டா ஆப்ட் இன்ஸ்டோல்" எண்டு ஓட்டுங்க. முடிஞ்சதும் "சிங்க்" அடிக்க மறக்க வேணாம். இடையில கறண்ட் போனா எழுதாமக் கிடக்கிற ஃபைல்கள் பழுதாகலாம், அதால யுபிஎஸ்ஸோ பவர் பேங்க்கோ இல்லாம இதைத் தொடாதீங்க.

கல்முனை_லினக்ஸ்:
ஓப்பன்சிவியை 1 ஜிபி ரேமில கம்பைல் (மூலக்கோடில இருந்து கட்டுறது) பண்ணவே கூடாது. 32-பிட்டில பிப் ஆயத்தமான வீலை (முன்னமே கட்டின பெக்கேஜை) பைவீல்ஸ் எண்ட தளத்தில இருந்துதான் எடுக்கும். ஈடிசிக்குள்ள பிப்.கொன்ஃப் ஃபைலில பைவீல்ஸ் முகவரி உள்ள வரி இருக்கா? பைதான் ஓஎஸ்ஸோட வந்த 3.11 தானா? ரெண்டில ஒண்டு பிசகினாலும் கம்பைலுக்குப் போயிடும். "--ஒன்லி-பைனரி=:ஓல்:" சேர்த்தா வீல் இல்லாத இடத்தில உடனே நிண்டு பிழையைச் சொல்லும், நேரம் மிச்சம்.

அதைவிட லேசு: ஆப்ட்டில "பைதான்3-ஓப்பன்சிவி"யை "--நோ-இன்ஸ்டோல்-ரெக்கமெண்ட்ஸ்"ஓட போடுங்க. வென்வ் (பைதானுக்கான தனிச் சூழல்) உருவாக்கும்போது "--சிஸ்டம்-சைட்-பெக்கேஜஸ்" குடுத்தாத்தான் உள்ளுக்குத் தெரியும்.

களுவாஞ்சிக்குடி_லேப்:
பைவீல்ஸ் வரி இல்லத்தான். துரொட்டில்ட் 0எக்ஸ்50005 காட்டுது. நன்றி நானா, வாவிக்கரை அண்ணனுக்கும். ஆறு போர்டிலயும் இதையே திரும்பத் திரும்பச் செய்யணுமா?

வாவிக்கரை:
50005 எண்டா இப்பவும் வோல்டேஜ் குறைவு, முன்னமும் குறைஞ்சிருக்கு. சப்ளையை முதல் மாத்துங்க.

ஆறுதரம் வேணாம். ஒண்டில எல்லாம் போட்டு "ஆப்ட் கிளீன்" அடிச்சு ஷட்டவுன் பண்ணுங்க. காட்டை லினக்ஸ் கணினியில போட்டு டிடி கட்டளையால இமேஜ் (முழுக் காட்டின்ட பிரதி) எடுத்து, பைஷ்ரிங்கால சுருக்குங்க. 16 ஜிபி எண்டு போட்டிருந்தாலும் எல்லாக் காட்டும் ஒரே அளவில்ல, சுருக்காட்டி சிலதில கொள்ளாது. பிறகு மற்ற 5 காட்டிலயும் எழுதுங்க. ஒவ்வொண்டிலயும் ஹோஸ்ட்நேமை மாத்தி, எஸ்எஸ்எச் (தூர இருந்து உள்நுழையுறது) ஹோஸ்ட் சாவிகளை அழிச்சு, "டிபிகேஜி-ரிகன்ஃபிகர் ஓப்பன்எஸ்எஸ்எச்-சேர்வர்" அடிச்சாப் புதுச்சாவி வரும்.

கல்முனை_லினக்ஸ்:
பிறகு வாற அப்டேட்டுக்கு ஒரு ராஸ்பெரி பையில, இறக்கின பெக்கேஜைச் சேமிச்சுக் குடுக்கிற "ஆப்ட்-கேச்சர்-என்ஜி" போட்டு, மற்ற அஞ்சிலயும் ஆப்ட் புரொக்சியா அதின்ட ஐபியையும் 3142 போர்ட்டையும் குடுங்க. ஒரு பெக்கேஜ் ஹொட்ஸ்பொட்டில ஒருக்காத்தான் இறங்கும். எச்டிடிபிஎஸ் முகவரியில இருந்து வாறதை மட்டும் அது சேமிக்காது.