பையன் குண்டாகாம இருக்க போன்ல ஆப்: தேவையா, வெட்டி வேலையா?

ராயக்கோட்டை அப்பா

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு வாரமா பஞ்சாயத்து ஓடுது, தீர்ப்பு சொல்லுங்க.

பையனுக்குப் போன மாசம் 9 முடிஞ்சது. எடை 34 கிலோ. உயரம் 131 செ.மீ., பள்ளிக்கூடத்து கார்டுல எழுதியிருந்தது. வீட்டுக்காரம்மா அவங்க அக்கா சொன்னாங்கன்னு ஒரு ஆப் இறக்கி, அவன் தினமும் என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் ஓடினான், எவ்வளவு நேரம் டிவி பார்த்தான்னு குத்திக்கிட்டு இருக்காங்க. அது பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு கலர் காட்டுது. நம்மாளு ஆரஞ்சு. எங்கம்மாவுக்கு இதைக் கேட்டதுல இருந்து கோவம். "புள்ள இப்பத்தான் நாலு வாய் நல்லா சாப்பிட்டு சதை போட்டிருக்கான், அதுக்குள்ள கண்ணு வைக்க ஒரு மிஷினா?"ங்கறாங்க.

எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. வீட்டுல அதைச் சொன்னா ரெண்டு பக்கமும் அடி விழும். இன்னொரு கூத்து, அந்த ஆப்ல களியே கிடையாது. தேடித்தேடிப் பார்த்துட்டு ஏதோ வெளிநாட்டு மக்காச்சோளக் கூழுன்னு போட்டு வெச்சிருக்காங்க.

அரூர் அம்மா

அழிச்சிடுங்க.

"வீட்டுக்காரம்மா குத்திக்கிட்டு இருக்காங்க"ன்னு போற போக்குல எழுதிட்டீங்க. சமைக்கறது அவங்க, டப்பா கட்டறது அவங்க, இப்ப கணக்கு எழுதறதும் அவங்க. ராத்திரி சிவப்பு வந்தா குத்தவாளியும் அவங்களேதான். நீங்க எத்தனை நாள் எழுதினீங்க?

என் பொண்ணுக்கு 11 வயசா இருந்தப்ப நானும் இதே வேலையைப் பார்த்தேன். பொண்ணுங்களுக்கு வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி உடம்பு கொஞ்சம் பூசினாப்ல ஆகும், அது இயற்கை. அந்த நேரம் பார்த்து என் போனை எடுத்துப் பார்த்துட்டா. அதுக்கப்புறம் மதிய டப்பா பாதி அப்படியே திரும்பி வந்துச்சு. கேட்டா "நான் சிவப்பும்மா"ங்கறா. அந்த வார்த்தையை அவ வாயில இருந்து எடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. ஆப்பை அழிக்க ஒரு நிமிஷம்தான்.

ஓசூர் நைட் ஷிப்ட்

அக்கா, உங்க வீட்டுல நடந்தது கஷ்டம்தான், அதை நான் மறுக்கலை. ஆனா அது கலரோட தப்பு, புள்ளை கையில சிக்கினதோட தப்பு. அதுக்காக எழுதறதே தப்புன்னு ஆயிடுமா?

இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஸ்வீடன்ல கரோலின்ஸ்காங்கற மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் மினிஸ்டாப்னு ஒரு ஆப் செஞ்சு, 4 வயசுப் பிள்ளைங்க இருக்கற 315 குடும்பத்தைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மட்டும் 6 மாசம் ஆப் குடுத்தாங்க. காய், பழம், இனிப்பு, சர்க்கரைத் தண்ணி, விளையாட்டு, உட்கார்ந்திருக்கற நேரம் எல்லாத்துக்கும் சேர்த்து மார்க் போட்டா, ஆப் குடும்பங்கள் முன்னாடி வந்தாங்க. அப்புறம் ரெண்டாவது பதிப்பு, 2.0. இதுல ரெண்டரை, மூணு வயசுப் பிள்ளைங்க, 552 குடும்பம். இனிப்பு பானம் ஒரு நாளைக்கு 30 மில்லி கிட்ட குறைஞ்சது, தீனி 7 கிராம், திரை பார்க்கறது 7 நிமிஷம். இதை ஸ்வீடிஷ் மொழியில மட்டும் விடாம சோமாலி, அரபி, ஆங்கிலம்னு அங்க குடியேறினவங்க பேசற மொழியிலயும் குடுத்தாங்க. தமிழ்ல ஒழுங்கா ஒண்ணு இருந்தா களியை மக்காச்சோளம்னு எழுத வேண்டிய கேவலம் வராது.

அரூர் அம்மா

எடை? எடையைப் பத்தி ஒரு வார்த்தை காணோமே தம்பி.

ஓசூர் நைட் ஷிப்ட்

எடையில வித்தியாசம் வரலை. மறைக்கலை அக்கா, எழுத வந்தேன், அதுக்குள்ள கேட்டுட்டீங்க. முதல் ஆய்வுல உடம்புக் கொழுப்பு ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆப்பை நிறுத்தி ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தப்ப அந்த மார்க் வித்தியாசமும் இல்லை. ரெண்டாவதுலயும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேத்த எடையான்னு பார்க்கற கணக்கு, மாறலை.

ஆனா ஒண்ணு யோசிங்க. அதுல இருந்தவங்க பெரும்பாலும் சாதாரண எடையில இருந்த குழந்தைங்க. ஆறு மாசத்துல என்ன பெரிசா குறையும்? தினமும் 30 மில்லி சர்க்கரைத் தண்ணி குறைஞ்சா வருஷத்துக்கு 10 லிட்டருக்கு மேல. கோலா வகைகள்ல 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரைன்னு வெச்சா ஒரு கிலோ சர்க்கரை. ஒரு கிலோ பொட்டலத்தைக் கையில தூக்கிப் பார்த்துட்டு அப்புறம் சின்ன விஷயம்னு சொல்லுங்க.

அரூர் அம்மா

அந்தக் கணக்கு ஆப்பை நிறுத்தாம ஓட்டினாத்தான். நிறுத்தினா போச்சுன்னு நீங்களே மேல சொல்லியிருக்கீங்க. ஸ்வீடன்ல அதைக் குடுத்தது யாரு, வீட்டுக்குப் பக்கத்து சுகாதார மையத்து நர்ஸ்தானே? சந்தேகம்னா போய்க் கேக்க ஒரு மனுஷி இருக்காங்க. இங்க அக்கா சொன்னாங்கன்னு இறக்கின ஆப். அது சிவப்பு காட்டினா யார்கிட்ட போய்க் கேக்கறது, ப்ளே ஸ்டோர்கிட்டயா?

களி கட்சி

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குங்க? நம்ம தாத்தா காலத்துல ஆப் இருந்துச்சா? காலையில கூழு, மதியம் களி, காட்டு வேலை. யாருக்குத் தொப்பை இருந்துச்சு? சோறு வந்தது, இட்லி வந்தது, நூடுல்ஸ் வந்தது, எல்லாம் போச்சு. ராகிக்குத் திரும்புங்க, எடை தானா இறங்கும். ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி குடுக்கற திட்டத்தை 2023-ல நீலகிரியோட சேர்த்து நம்ம தருமபுரியிலதான் ஆரம்பிச்சாங்க. காரணம் இல்லாமலா?

ஓசூர் நைட் ஷிப்ட்

காரணம் இருக்கு, ஆனா நீங்க சொல்ற காரணம் இல்லை. ராகி மாவு, அரிசி மாவு ரெண்டுக்கும் 100 கிராமுக்கு கலோரி 320-ல இருந்து 360 கிட்டதான். ராகியில இருக்கற சிறப்பு வேற: கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல, நார்ச்சத்தும் அதிகம். அரிசியில கால்சியம் பேருக்குத்தான் இருக்கும். களி உருண்டை ஒண்ணு சாப்பிட்டா வயிறு நிக்கும், சரி. அதே ராகியை "ராகி மால்ட்"னு வெல்லம், சர்க்கரை, பால் போட்டு ரெண்டு டம்ளர் குடிக்க வெச்சா? தாத்தா ஆறு மைல் நடந்தாரு. பேரன் வேன்ல போறான்.

களி கட்சி

மால்ட்டை யாரு கேட்டா? நான் களியைத்தான் சொன்னேன். புளிச்ச கீரை கடைஞ்சு தொட்டுக்கிட்டு.

பென்னாகரம் பால்வாடி டீச்சர்

நான் ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர். 29 வருஷம் குழந்தைகளை எடை போட்டிருக்கேன். முதல்ல தொங்குற தராசு, அப்புறம் கார்டுல கோடு, கடைசியில 2021-ல போஷன் டிராக்கர்னு போன்லயே வந்துடுச்சு. அதனால ஆப்னா எனக்கு அலர்ஜி இல்லை. சிக்னல் கிடைக்காத கிராமத்துல அதோட மல்லுக்கட்டின அனுபவமும் உண்டு.

எங்க கவலை எல்லாம் ஒல்லிக் குழந்தைகளைப் பத்தித்தான் இருந்தது. இப்பவும் தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள நாலுல ஒரு குழந்தை வயசுக்கேத்த உயரம் இல்லைன்னு 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. அதே கணக்கெடுப்புல, நாடு முழுக்க எடை கூடின சின்னக் குழந்தைகள் 2.1 சதவீதத்துல இருந்து 3.4 ஆகியிருக்கு. ரெண்டும் வேற வேற ஊர்லன்னு நினைக்காதீங்க, ஒரே தெருவுல பார்த்திருக்கேன். சில சமயம் ஒரே குழந்தைகிட்ட. உயரம் வளராத பிள்ளைக்கு பிஸ்கட்டும் ஜூஸும் குடுத்தா எடை மட்டும் ஏறும். பார்க்கறதுக்குக் கொழுகொழுன்னு இருக்கும். "நல்லா இருக்கான்"னு நாம சந்தோஷப்படுவோம்.

கண்ணால பார்த்துச் சொல்றதை நம்பாதீங்க. தாய் கண்ணு, பாட்டி கண்ணு எதுவுமே. அம்மா ஒல்லின்னு சொன்ன குழந்தை வளர்ச்சி வரைபடத்துல நடுக்கோட்டுல நிக்கும். எத்தனையோ தடவை பார்த்தாச்சு.

ராயக்கோட்டை தம்பி, ஒரு கேள்வி. 131-ன்னு அளந்தது யாரு? செருப்பைக் கழட்டினாங்களா?

ராயக்கோட்டை அப்பா

தெரியலைங்க டீச்சர். வகுப்புல வரிசையா நிக்க வெச்சு எழுதினாங்களாம். ஷூவோடதான் இருந்தேன்ங்கறான்.

பால்வாடி டீச்சர்

நினைச்சேன். வெறுங்கால்ல சுவத்துல சாய்ஞ்சு நிக்கணும். குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூணும் சுவத்துல படணும், பார்வை நேரா. தலைமேல தட்டையா ஒரு அட்டைப் புத்தகம் வெச்சு பென்சில்ல கோடு போட்டு, தரையில இருந்து டேப்பால அளக்கணும். ரெண்டு தடவை. 9 முடிஞ்ச பையனுக்கு உலக சுகாதார நிறுவனத்து வரைபடத்துல பி.எம்.ஐ. 18 கிட்ட தாண்டினா அதிக எடை, 20.5 கிட்ட தாண்டினா உடற்பருமன். உயரத்துல ரெண்டு மூணு செ.மீ. தப்பினா கலரே மாறிடும். பெரியவங்களுக்குச் சொல்ற 23, 25 கணக்கெல்லாம் பிள்ளைகளுக்கு ஆகாது.

தினம் சாப்பிட்டதை எழுதறதை விட மாசம் ஒரு தடவை இதைச் சரியா செஞ்சாப் போதும்ங்கறது என் அபிப்பிராயம்.

பாலக்கோடு பி.டி. சார்

எல்லாரும் தட்டையே பார்க்கறீங்க. 5-ல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கற மாதிரி ஓடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. என் பீரியட் வாரத்துக்கு ரெண்டு. அதுல ஒண்ணைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவாரு. இதுவரைக்கும் திருப்பிக் குடுத்ததில்லை. ஆப்ல "இன்று 60 நிமிடம் ஓடினீர்களா?"ன்னு அம்மாவைக் கேட்டு என்ன பிரயோஜனம்? மைதானத்தைக் கேளுங்க, டியூஷனைக் கேளுங்க.

மாங்கூழ் மச்சான்

சாருக்கு ஒரு ஓட்டு. நான் பள்ளிக்கூடம் பக்கத்துல கடை வெச்சிருக்கேன், திட்டறவங்க வரிசையில வாங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல போட்ட விதிப்படி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான தீனியைப் பள்ளிக்குள்ளயோ, வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ளயோ விக்கக் கூடாது. என் கடை 60 மீட்டர். நானே அளந்தேன், டீச்சர் சொன்ன மாதிரி ரெண்டு தடவை.

தமாஷை விடுங்க. கிருஷ்ணகிரியில விளையற பெங்களூரா மாங்காய் இங்க ஃபேக்டரியில கூழாகி வெளியூர் போகுது. திரும்பி வரும்போது 10 ரூபா பாக்கெட்ல "மாம்பழ பானம்"னு வருது. அதுல பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே விதிப்படி போதும், மிச்சம் தண்ணியும் சர்க்கரையும்தான். சாயங்காலம் அதை வாங்கிக் குடுக்கறது அம்மா இல்லைங்க. தாத்தாக்கள். பேரனைக் கூப்பிட வர்ற தாத்தா கையில எந்த ஆப் இருக்கு?

அரூர் அம்மா

முதல் தடவையா ஒரு கடைக்காரர் பேசறது பிடிச்சிருக்கு.

ஓசூர் நைட் ஷிப்ட்

இதையேதான் நானும் சொல்ல வர்றேன்! கணக்கு எழுதினாத்தானே தாத்தா பாக்கெட் வெளிய தெரியும்? எங்க வீட்டுல ஒரு வாரம் எழுதினோம். நானே வாங்கிக் குடுத்தது மட்டும் நாலு பாக்கெட். நான்தான் ரொம்ப ஒழுங்குன்னு நினைச்சிருந்தேன். அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் எழுதறதை நிறுத்திட்டேன், அது வேற விஷயம்.

அரூர் அம்மா

ஒரு வாரத்துல நிறுத்திட்டீங்க. நீங்க நிறுத்தினா "அது வேற விஷயம்". உங்க வீட்டு அம்மா நிறுத்தியிருந்தா "அவளுக்கு அக்கறை இல்லை". சரி, ஒரு வாரம்ங்கறதை ஒத்துக்கறேன். அதுக்கு ஆப் எதுக்கு, காலண்டர் பின்பக்கம் போதும்.

இன்னொண்ணு. புள்ளைக்கு போனைக் குறைக்கணும்னு சொல்ற ஆப்பைப் பார்க்கறதுக்காக அம்மா சாப்பாட்டு நேரத்துல போனை எடுக்கறாங்க. எடுத்ததும் புள்ள "எனக்கு வீடியோ"ங்குது. 2 வயசுல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரையே கூடாதுன்னு விதி சொல்றாங்க. நம்ம வீடுகள்ல ஒரு வேளை இட்லி ஊட்டறதுலயே அந்த ஒரு மணி நேரம் போயிடுது.

பால்வாடி டீச்சர்

ஆப் கேக்காத ஒண்ணை நான் சொல்றேன். எடை கூடின பிள்ளைங்களோட கழுத்துப் பின்பக்கம், அக்குள் ரெண்டையும் பாருங்க. தோல் கருத்து, தடிச்சு, வெல்வெட் துணி மாதிரி இருந்தா அது அழுக்கு இல்லை. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதுக்கு அடையாளமா இருக்கலாம். நாம பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய் தேய்னு தேய்ப்போம். தேய்ச்சா போகாது, டாக்டர்கிட்ட காட்டணும். தூக்கத்துல சத்தமா குறட்டை விட்டாலும் சொல்லணும். எங்க ஆயா எனக்கே அப்படித் தேய்ச்சிருக்காங்க. பாட்டியைச் சொல்றேன், பால்வாடி ஆயா இல்லை.

களி கட்சி

பையன் இன்னும் 9 வயசுங்க. உயரம் போடும்போது எல்லாம் சரியாயிடும்.

பால்வாடி டீச்சர்

சில பிள்ளைங்களுக்கு ஆகும். பல பிள்ளைங்களுக்கு ஆகறதில்லை. காத்திருந்து பார்க்கறதுன்னா அளந்துக்கிட்டே காத்திருங்க. வளர்ற பிள்ளைக்குப் பட்டினி போட்டு எடையைக் குறைக்க வேண்டியதில்லை. எடை அப்படியே நிக்க, உயரம் ஏறினாலே வரைபடத்துல கோடு கீழ வரும்.

ராயக்கோட்டை அப்பா

போன ஞாயித்துக்கிழமை டீச்சர் சொன்னபடி சுவத்துல நிக்க வெச்சு அளந்தேன். வெறுங்கால், அட்டைப் புத்தகம், ரெண்டு தடவை. 128.

அதே 34 கிலோவுக்கு 131 போட்டப்ப பி.எம்.ஐ. 19.8 வந்தது. 128 போட்டா 20.8. ஆப் சிவப்பாயிடுச்சு. வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசலை. "ஒரு வாரம் நான் எழுதறேன்"னு போனை நான் வாங்கிக்கிட்டேன். ரெண்டு நாள்லயே தெரிஞ்சுது, நான் ஷிப்ட் முடிச்சு வரும்போது வாங்கிட்டு வர்ற பப்ஸ் மட்டும் இத்தனை நாளா எங்கயும் எழுதப்படலை.

அப்புறம் குளிக்க வைக்கும்போது கழுத்துப் பின்னாடி பார்த்தேன். எங்கம்மா ஒரு வருஷமா நார் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கற இடம்தான்.

வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கேன். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். குழந்தைகள் டாக்டரைப் பார்க்க எதை எல்லாம் எடுத்துட்டுப் போகணும்?

அரூர் அம்மா

பள்ளிக்கூட கார்டு, பழைய தடுப்பூசி அட்டை, அதுல பிறந்த எடை இருக்கும். உங்க வீட்டுல யாருக்காவது சுகர், தைராய்டு இருந்தா அதையும் ஒரு காகிதத்துல எழுதிக்கங்க. ஆப்ல எழுதினதையும் காட்டுங்க, டாக்டர் கேப்பாங்க. மக்காச்சோளம்னு இருக்கற இடத்துல களின்னு சொல்லிடுங்க.

காலையில சீக்கிரம் போங்க, கூட்டம் இருக்கும். பையன்கிட்ட உயரம் பார்க்கப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.