மூன்று மொழிக்காரரும் சேர்ந்து ஒரே பாஸ்கா திருவிழிப்பு: எப்படி ஒழுங்குபடுத்துவது?

வழிபாட்டுக்குழு_கொட்டாஞ்சேனை எழுதியது:

எங்கள் பங்கில் பெரிய சனி இரவு சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு இரவு வழிபாடு) நடந்து வந்தது. 2027 மார்ச் 27 இரவு ஒன்றாகவே வைப்பதென்று பங்குச்சபையில் முடிவாகிவிட்டது. ஆங்கிலப் பூசைக்கு வருகிறவர்களும் சேருவார்கள். பங்குத்தந்தைக்குச் சிங்களமும் ஆங்கிலமும் சரளம், தமிழ் வாசிக்கமாட்டார். உதவிப் பங்குத்தந்தை தமிழர். திருமுழுக்குப் பெற வளர்ந்தவர்கள் மூன்று பேர் ஆயத்தமாகிறார்கள்.

வாசகங்களை எப்படிப் பிரிப்பது? பாஸ்கா புகழுரையை (பாஸ்கா திரியை உள்ளே கொண்டுவந்தபின் பாடும் நீண்ட பாட்டு) மூன்று மொழியிலும் துண்டு துண்டாகப் பாடலாமா? வெளியே மூட்டும் புதுத்தீ, அதிலிருந்து ஏற்றும் பெரிய பாஸ்கா திரி விஷயத்தில் வழக்கமாக எங்கே பிழைக்கும்? கோயிலுக்குள் சுமார் 600 பேர் கொள்ளும், முற்றம் சிறியது.

---

வாசகமேடை பதில்:

ஒரே வாசகத்தை மூன்று மொழியிலும் வாசிப்போம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். தொடக்க நூல் முதல் அதிகாரம் ஒரு மொழியிலேயே ஐந்தாறு நிமிடம் எடுக்கும். மூன்று தரம் வாசித்தால் சனம் வாசகத்தைக் கேட்காது, தன் மொழி எப்போது வருமென்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. மேய்ப்புப்பணிக் காரணம் இருந்தால் குறைக்கலாம், ஆனால் மூன்றுக்குக் கீழே போக ஏலாது. விடுதலைப் பயணம் 14ஐ எந்தக் காரணத்துக்காகவும் விட ஏலாது. உங்களுக்கு நான்கு அளவாக இருக்கும்: தொடக்க நூல் 1:1 - 2:2, விடுதலைப் பயணம் 14:15 - 15:1, எசாயா 55:1-11, எசேக்கியேல் 36. திருமுழுக்கு இருக்கிறபடியால் எசேக்கியேலை விடவேண்டாம். "தூய நீரை உங்கள்மேல் தெளிப்பேன்" என்கிற பகுதி அதில்தான் வருகிறது. அதற்குப் பதிலுரையாகத் திருப்பாடல் 42.

ஒவ்வொரு வாசகமும் உண்மையில் மூன்று துண்டு: வாசகம், பதிலுரைப் பாடல், குருவின் மன்றாட்டு. மொழிகளை வாசகத்துக்கு வாசகம் மாற்றாமல் இந்தத் துண்டுகளுக்குள் பிரியுங்கள். முதல் வாசகம் சிங்களம் என்றால் பதிலுரை தமிழ், மன்றாட்டு ஆங்கிலம். எசாயா ஆங்கிலத்தில் வந்தால் பதிலுரை தமிழ், மன்றாட்டு சிங்களம். இப்படிச் செய்தால் எந்தச் சமூகமும் பத்து நிமிடத்துக்கு மேல் தன் மொழி கேட்காமல் இருக்காது. மன்றாட்டு மட்டும் தலைமை தாங்கும் குருவுக்கு உரியது, அதைத் தமிழுக்காக உதவிப் பங்குத்தந்தையிடம் வெட்டிக் கொடுக்கவேண்டாம். பங்குத்தந்தைக்கு வாசிக்க வருகிற இரண்டு மொழியில் மன்றாட்டு, தமிழுக்கு வாசகமும் பாடலும் கூடுதலாக. கணக்குச் சரிவந்துவிடும்.

இந்தச் சுழற்சி ஓரிடத்தில் செல்லாது. விடுதலைப் பயண வாசகம் "மோசேயும் இஸ்ரயேல் மக்களும் ஆண்டவரைப் புகழ்ந்து பாடினர்" என்று முடிந்து, அந்தப் பாடலே பதிலுரையாக எழுகிறது. வாசகம் சிங்களத்திலும் பாடல் தமிழிலும் வந்தால் அந்தத் தொடுப்பு அறுந்துவிடும். இரண்டையும் ஒரே மொழியில் வையுங்கள், எந்தப் பாடகர் குழு பலமோ அந்த மொழியில். வாசகர் முடிக்கிற இடத்தில் ஆர்மோனியம் உடனே பிடிக்கவேண்டும். நடுவில் "ஆண்டவரின் அருள்வாக்கு" சொல்லி நிறுத்தி, மேடையிலிருந்து இறங்கி, பிறகு சுருதி தேடுவது நல்லாயில்லை.

உரோமையர் 6:3-11 தமிழில் வரட்டும். நற்செய்தி, மூன்றாண்டு வாசக வட்டத்தில் 2027 இரண்டாம் ஆண்டு என்பதால், மாற்கு 16:1-7. அதைச் சிங்களத்தில் வாசித்தால் மறையுரையும் சிங்களத்திலேயே தொடங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டிரண்டு நிமிடச் சுருக்கம் போதும்.

நேரத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் ஒன்றுண்டு: திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தல். அங்கே ஒவ்வொருவரும் தன் வாயால் பதில் சொல்லவேண்டும். விட்டுவிடுதல் மூன்று கேள்வி, விசுவாசம் மூன்று கேள்வி, ஒவ்வொன்றையும் மூன்று மொழியிலும் கேட்டால் பதினெட்டு. நான்கு நிமிடத்தில் முடியும். தமிழ்க் கேள்விகளை மட்டும் உதவிப் பங்குத்தந்தை கேட்கட்டும்.

---

தூபக்கலசம் பதில்:

தீ, திரி பற்றி.

கொழும்பில் மார்ச் கடைசியில் சூரியன் மறைவது கிட்டத்தட்ட 6.15க்கு. இருட்டியபிறகே தொடங்கவேண்டும், விடியுமுன் முடியவேண்டும் என்பது விதி. அதனால் வழக்கமான சனிக்கிழமை மாலைப் பூசை நேரத்தில் வைக்க ஏலாது. 7.30க்கு முன்னர் யோசிக்கவேண்டாம். அந்த மாதத்தில் பின்னேர இடிமழை சாதாரணம், ஆகவே தீச்சட்டியை வைக்கிற இடத்துக்கு மேலே தகரம் போட்டுவையுங்கள். மழை விடாவிட்டால் குருவானவர் பாஸ்கா திரியோடு கோயில் வாசலில் நிற்க, சனம் உள்ளேயிருந்து வாசல் பக்கம் திரும்பி நிற்பதற்கும் சடங்கில் இடமுண்டு. அதையும் ஒருதரம் ஒத்திகை பாருங்கள்.

எரிக்கச் சிரட்டைதான் நல்லது. காய்ந்த சிரட்டை ஒரு சாக்கு, அடியில் கொஞ்சம் விறகு, இரும்புத் தாச்சி அல்லது பாதியாய் வெட்டிய பீப்பாய். மண்ணெண்ணெய் வேண்டாம்: கரும்புகை வரும், குருவின் வெள்ளை உடையில் படியும், மணம் உள்ளே வரை போகும். கூட்டம் சேருவதற்கு முன்னரே, அரை மணித்தியாலம் முந்திக் கொளுத்தினால் புகை அடங்கித் தணலும் சுவாலையும் சேர்ந்து நிற்கும். தூபக்கலசத்துக்கான தணலை இந்தத் தீயிலிருந்துதான் எடுக்கவேண்டும், சிரட்டைத்தணல் அதற்கும் உதவும். நீளமான குறடு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் சமையலறை இடுக்கியைத் தேடி ஓடுகிற பையனை எல்லாப் பங்கிலும் காணலாம்!

பாஸ்கா திரி மெழுகாலானதாய், ஒவ்வொரு வருடமும் புதிதாய், ஒன்றே ஒன்றாய், ஓரளவு பெரிதாய் இருக்கவேண்டும் என்று 1988இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடல் தெளிவாய்ச் சொல்கிறது. வெளியே மெழுகுபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி எரிப்பது சரிவராது. 3 அங்குல விட்டம், 3 அடி உயரத்தில் எடுத்தால் நாலு கிலோவுக்குக் கிட்ட நிறை வரும். தூக்கிக்கொண்டு நடக்கிறவரை அதைப் பார்த்துத் தெரியுங்கள். தூய ஆவி பெருவிழா வரைக்கும், அதன்பின் வருடம் முழுக்கத் திருமுழுக்குக்கும் மரணப் பூசைக்கும் அதே திரிதான், சின்னதாய் எடுத்து மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

வாங்கியதிலிருந்து பலகையில் படுக்கவைத்து நிழலான அறையில் வையுங்கள். மேற்குப் பக்க யன்னலோரம் நிறுத்திவைத்தால் நம்ம ஊர் வெக்கைக்கு வளையும்.

குறிக்கும் ஒழுங்கு: சிலுவையின் நெடுங்கோடு, பிறகு குறுக்குக்கோடு, மேலே ஆல்ஃபா, கீழே ஒமேகா. ஆண்டின் இலக்கங்கள் சிலுவையின் நான்கு மூலையில், 2 மேலே இடது, 0 மேலே வலது, 2 கீழே இடது, 7 கீழே வலது. சாம்பிராணி மணி ஐந்து: முதலாவது மேலே, இரண்டாவது நடுவில், மூன்றாவது கீழே, நான்காவது இடது, ஐந்தாவது வலது. புதுத்திரியில் மணியை நேரே குத்தினால் மெழுகு வெடிக்கும். முதல்நாளே சூடாக்கிய ஆணியால் ஐந்து துளையும் போட்டுவையுங்கள். திரிநூலைச் சுற்றியிருக்கும் மெழுகைச் சுரண்டி அரை அங்குலம் வெளியே விட்டால் காற்றிலும் உடனே பிடிக்கும்.

பவனியில் முன்னால் தூபம், பின்னால் பாஸ்கா திரி. சிலுவையோ வேறு திரிகளோ முன்னே போகக்கூடாது. "கிறிஸ்துவின் ஒளி" அறிக்கை மூன்று தரம்: வாசலில், நடுக்கோயிலில், பீடத்துக்கு முன். மூன்று மொழிக்கு மூன்று இடம், உங்களுக்கு வாய்ப்பாய் அமைந்துவிட்டது. சனத்தின் திரிகள் இரண்டாவது அறிக்கைக்குப் பிறகுதான் ஏற்றப்படும்.

ஃபேன்! எல்லோரும் மறப்பது இதைத்தான். மேலே சுற்றிக்கொண்டிருந்தால் 600 திரியில் பாதி அணையும். மீதி, பக்கத்தில் நிற்கிறவரின் சேலையில் மெழுகு சொட்டும். லைட்டும் ஃபேனும் மைக்கும் எந்தெந்த சுவிட்சில் என்று முன்கூட்டியே பார்த்து ஒட்டிவையுங்கள். மெயினை இறக்கி இருட்டாக்கினால் மைக்கும் போய்விடும். திரி கொளுத்தும்போது எரிகிற திரி நேராய் நிற்கட்டும், எரியாத திரியைத்தான் சாய்க்கவேண்டும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். மட்டையில் வட்டம் வெட்டித் திரிக்குக் கொலர் போட்டால் கை சுடாது. வாக்குறுதிப் புதுப்பித்தலில் திரும்ப ஏற்றவேண்டும், ஆகவே அரை மணித்தியாலம் எரியக்கூடிய திரி வாங்குங்கள்.

---

வழிபாட்டுக்குழு_கொட்டாஞ்சேனை எழுதியது:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. எங்களிடம் பழைய ஏற்பாட்டு வாசகங்களுக்குப் பின் வரும் 'உன்னதங்களிலே' கீதம் வரை லைட் போடாத வழக்கம். தொடரலாமா? புனிதர் மன்றாட்டு மாலையை எந்த மொழியில் பாடுவது?

---

சுருதிப்பெட்டி பதில்:

திருப்பலி நூலின்படி மூன்றாவது "கிறிஸ்துவின் ஒளி" அறிக்கை முடிந்ததும் கோயில் லைட்டுகள் போடவேண்டும். பீடத்துத் திரிகள் மட்டும் 'உன்னதங்களிலே' வரை காத்திருக்கும். அதுவரை இருட்டில் வைப்பது நம் பங்குகளில் ஊறிப்போன பழக்கம், வடிவாய்த்தான் இருக்கும். ஆனால் நாலு வாசகத்தையும் டோர்ச் வெளிச்சத்தில் வாசிக்கிறவருக்கு வரி தவறும், சனத்துக்கும் கைநூல் தெரியாது. மூன்று மொழியில் நடத்தும்போது கைநூல் தெரியாவிட்டால் எல்லாமே வீண். லைட்டைப் போடுங்கள். 'உன்னதங்களிலே' கீதத்துக்குப் பீடத்திரிகளும் மணிகளும் போதும். பெரிய வியாழனிலிருந்து மணியே அடிக்காமல் இருந்ததால் அந்தச் சத்தமே நெஞ்சைத் தொடும்.

பாஸ்கா புகழுரையைத் துண்டாடவேண்டாம். அது ஒரே மூச்சில் ஏறிப்போகிற பாட்டு. ஒரு மொழி, ஒரு குரல், வருடத்துக்கு ஒரு மொழியாய்ச் சுழற்றுங்கள். உதவிப் பங்குத்தந்தை இருப்பதால் முதல் வருடம் தமிழில் வைத்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பொதுநிலைப் பாடகர் பாடினால் பாடுகிறவர் தனக்காக மன்றாடும்படி கேட்கும் பகுதியையும் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்கிற வாழ்த்தையும் விடவேண்டும். குறுகிய வடிவமும் உண்டு.

மன்றாட்டு மாலைக்கு இலத்தீன் பதில்: 'ஓரா புரோ நோபிஸ்' (எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்). பெயர்களை மூன்று மொழியிலும் மாற்றி மாற்றிப் பாடலாம், பதில் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. பங்குப் பாதுகாவலர், திருமுழுக்குப் பெறுகிறவர்களின் பெயர்ப் புனிதர்கள், 2015 ஜனவரி 14 காலிமுகத் திடலில் புனிதராய் அறிவிக்கப்பட்ட புனித யோசேப்பு வாஸ் எல்லோரையும் சேர்க்க அனுமதியுண்டு. திருமுழுக்கும் இல்லை, திருமுழுக்குத் தொட்டியை ஆசீர்வதிப்பதும் இல்லையென்றால் மாலையே கிடையாது, நேரே தண்ணீர் ஆசீர். உங்களுக்குத் திருமுழுக்கு இருப்பதால் மாலையும் உண்டு, திரியைத் தண்ணீரில் இறக்குவதும் உண்டு. தொட்டி ஆழமாய் இருக்கட்டும். தட்டையான பாத்திரத்தில் மூன்றடித் திரியை இறக்கப் போய்க் கவிழ்க்கவேண்டாம். வளர்ந்தவர்களுக்கு அன்றே உறுதிபூசுதலும் கொடுக்கவேண்டும், கிறிஸ்மா தைலத்தை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

அல்லேலூயா மூன்று தரம், ஒவ்வொரு தரமும் சுருதி ஏற்றி. குருவுக்கு முடியாவிட்டால் பாடகர் தொடங்கலாம். மொழிப் பிரச்சினையே இல்லாத ஒரே இடம், கூரை அதிரப் பாடட்டும். நற்செய்திக்குத் தூபம் மட்டும், திரி பிடிக்கிற பிள்ளைகள் வரவேண்டாம்.

---

அச்சுக்கோப்பு பதில்:

கைநூல் பற்றி மட்டும். பழைய தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் இருக்கும், சிங்களம் எஃப்எம் அபயா எழுத்துருவில். அப்படியே வெட்டி ஒட்டினால் அச்சகக் கணினியில் எழுத்துரு இல்லாதபோது ஆங்கிலக் கிறுக்கலாய் மாறும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துருவை உள்பொதித்த பீடிஎஃப்பாய்க் கொடுங்கள். பாமினியிலிருந்து மாற்றும்போது 'ஸ்ரீ', 'க்ஷ', மேற்கோள்குறி, இலக்கங்கள் பிழைக்கும். வசன எண்களை ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். நடுவில் பின் அடிக்கிற நூல் என்றால் பக்கம் நான்கின் பெருக்கமாய் வரவேண்டும், 24 அல்லது 28இல் அடங்கும். மூன்று மொழியையும் மூன்று நிரலாய்ப் போட்டால் தமிழ் நீளச் சொற்கள் வரிக்கு இரண்டாய் ஒடியும். வாசிக்கப்படும் மொழி பெரிய எழுத்தில், மற்ற இரண்டின் சுருக்கம் அதன் கீழே.

---

வாசல்_தொண்டர் பதில்:

2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு உயிர்ப்புக்குப் பைகளைச் சோதிப்பது வழமையாகிவிட்டது. அதனால் நுழைவதற்கே அரை மணித்தியாலம் கூட வேண்டும். 8 மணி என்றால் 7க்கே வாசலைத் திறக்கச் சொல்லி மூன்று மொழியிலும் அறிவியுங்கள், பை கொண்டுவரவேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். திரியும் கைநூலும் சோதனை முடிந்த பிறகு, உள்வாசலில் கொடுங்கள். முற்றத்தில் தீ மூட்டப்போவதைக் காவலுக்கு வருகிற பொலிஸாருக்கும் படையினருக்கும் முதல்நாளே காட்டிவிடுங்கள். முற்றம் சிறியது என்பதால் எல்லோரையும் வெளியே எடுக்கப் பார்க்கவேண்டாம்: பாடகர் குழுவும் வயதானவர்களும் உள்ளேயே இருக்கட்டும், தீயடியில் நூறு பேர் போதும். தண்ணீர் வாளி இரண்டு, மணல் வாளி ஒன்று தீச்சட்டிக்குப் பக்கத்தில்.