முதுமையில் தோல் மெலிந்து எளிதில் கிழிகிறது: எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி: காவேரிக்கரை

என் தாயாருக்கு 81 வயதாகிறது. கும்பகோணத்தில் எங்களுடன்தான் இருக்கிறார். நடமாட்டம் உண்டு, நினைவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் சில காலமாக இரண்டு முன்கைகளிலும் தோல் மிகவும் மெலிந்து, உள்ளே ஓடும் நரம்புகள் எல்லாம் தெரியும்படி ஆகிவிட்டது. கதவு நிலையில் லேசாக உரசினாலும் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. அது மறைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்துவிடுகிறது. சென்ற மாதம் ரத்தப் பரிசோதனைக்காக ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மறுநாள் பரிசோதனை நிலையத்து ஊழியர் வெடுக்கென்று உரித்தபோது, ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோலும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் புண் ஆறுவதற்கு வெகுநாள் ஆயிற்று.

இதய மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தொடர்ந்து சாப்பிடுகிறார். கையில் அரிப்பு வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் வாங்கிய ஒரு களிம்பைப் பல ஆண்டுகளாகத் தடவி வருகிறார். சர்க்கரை நோய் இல்லை. உறவினர்களில் சிலர் காயத்தில் மஞ்சள்தூள் வைக்கச் சொல்கிறார்கள்; சிலர், வயதானால் இப்படித்தான் இருக்கும், இதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். இந்த இரண்டாவது பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தோல் கிழிந்தவுடன் வீட்டில் முதலில் என்ன செய்ய வேண்டும்? குளிப்பாட்டும்போதும் எழுப்பி உட்காரவைக்கும்போதும் எதில் கவனமாக இருக்க வேண்டும்? இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மாவின் கண்ணாடி வளையல்களே சில நேரம் கையைக் கீறிவிடுகின்றன. ஆனால் அப்பா நலமாக இருக்கும்போது வளையலைக் கழற்றுவதா என்று அம்மா கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதியோர் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இத்தகைய காயங்களில் பெரும்பகுதி விழுந்து அடிபட்டதால் வருவதில்லை. உதவி செய்ய வரும் நம் கைகளாலும், நாம் ஒட்டும் பிளாஸ்திரியாலும், தேய்த்துக் குளிப்பாட்டும் பழக்கத்தாலுமே வருகின்றன. ஆகவே இவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும்.

தோல் கிழிந்தால் முதலில் சுத்தமான பருத்தித் துணியை வைத்து மெதுவாக அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால், நின்றுவிட்டதா என்று அடிக்கடி துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். நின்ற பிறகு சலைன் (மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்) அல்லது கொதித்து ஆறிய நீரால் காயத்தைக் கழுவுங்கள். கிழிந்த தோல் ஓரமாகச் சுருண்டு கிடக்கும். அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது. பஞ்சு சுற்றிய குச்சியைச் சலைனில் நனைத்து, அந்தத் தோலை மெல்ல உருட்டி, அது முன்பு இருந்த இடத்திலேயே பரப்பி வைக்க வேண்டும். இழுத்து நீட்டக் கூடாது. வரும் அளவுக்கு வந்தால் போதும். அந்தத் தோலுக்கு உயிர் இருந்தால் அதுவே காயத்துக்கு மிகச் சிறந்த மூடி. தோல் முழுவதும் மீண்டும் மூடிக்கொள்ளும் காயம், ஒரு பகுதி மட்டும் மூடும் காயம், மூடத் தோலே மிஞ்சாத காயம் என்று மூன்று வகையாகப் பிரித்துத்தான் மருத்துவர்களும் சிகிச்சையைத் தீர்மானிக்கிறார்கள்.

அதன் மேல் நேரடியாகப் பஞ்சையோ சாதாரண காஸையோ வைத்தால் அது காய்ந்து ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதிதாகக் கிழிக்கும். மருந்துக் கடையில் பாரபின் காஸ் (மெழுகுப் பசை தோய்த்த வலைத்துணி) என்று கேட்டு வாங்குங்கள். வசதி இருந்தால் சிலிக்கோன் பூச்சுள்ள ஒட்டாத கட்டு இன்னும் நல்லது. அதன் மேல் ரோலர் பேண்டேஜை இறுக்காமல் சுற்றி, பிளாஸ்திரியைப் பேண்டேஜின் மேலேயே ஒட்டுங்கள். தோலில் படவே கூடாது. கட்டின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். கிழிந்த தோல் எந்தப் பக்கம் உடலோடு ஒட்டியிருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி அம்பு இருக்க வேண்டும். அடுத்து யார் கட்டைப் பிரித்தாலும் அந்தத் திசையில் பிரித்தால், ஒட்டிக்கொண்டு வரும் தோல் மறுபடி எழும்பாது. மருத்துவர் சொன்னால் தவிர தினமும் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

மஞ்சள்தூள், காப்பித்தூள், நீர் கலக்காத டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். தூள் காயத்துக்குள் அந்நியப் பொருளாகத் தங்கிவிடும். மற்றவை புதிதாக வளரும் செல்களை எரித்துவிடும். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றியும் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் மேல் கிழிந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, வீக்கமும் சேர்ந்துகொள்ளும், எனவே மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே தோலில் ஒட்டியுள்ள பிளாஸ்திரியை எடுக்க வேண்டுமானால், ஓரங்களில் தேங்காய் எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளாஸ்திரியைத் தோலோடு படிந்தபடியே பின்னோக்கி மடித்து, மயிர் வளரும் திசையில் எடுங்கள். மேல்நோக்கி இழுப்பதுதான் தோலைப் பெயர்க்கிறது. அடுத்த முறை ரத்தம் எடுக்க வருகிறவரிடம் பிளாஸ்திரி வேண்டாம், பஞ்சை வைத்து நாங்களே அழுத்திப் பிடித்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையையும் மெல்லிய ரவிக்கைத் துணியின் மேல் சுற்றலாமா என்று கேளுங்கள்.

எழுப்பும்போது மணிக்கட்டையோ மேற்கையையோ பிடித்துத் தூக்க வேண்டாம். உங்கள் உள்ளங்கையை விரித்து அவருடைய முன்கைக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, அவரே உங்களைப் பற்றிக்கொள்ளும்படி செய்யுங்கள். படுக்கையில் மேலே நகர்த்த வேண்டுமானால், அவருக்குக் கீழே ஒரு மடித்த சேலையை விரித்து, இருவராக அந்தச் சேலையைத் தூக்கி நகர்த்துங்கள். நகத்தை ஒட்ட வெட்டுவதும், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைப்பதும் கவனித்துக்கொள்கிறவர்களின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

பதில் 2: மாடிவீட்டுத் தாத்தா

அம்மா, எனக்கு வயது 78. இதே தோலோடு வாழ்கிறவன் நான். எங்கள் வீட்டில் செய்திருக்கும் மாற்றங்களைச் சொல்கிறேன்.

இரும்புக் கட்டிலின் முனைகளிலும், மேசையின் மூலைகளிலும், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளிலும் பழைய ஸ்பாஞ்சை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டியிருக்கிறோம். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் சிறு விளக்கு எரிகிறது. வீட்டிலும் நான் முழுக்கைப் பருத்திச் சட்டைதான் போடுகிறேன். நீளமான பருத்திக் காலுறையின் விரல் பகுதியை வெட்டிவிட்டு முன்கையில் மாட்டிக்கொண்டால் அதுவே நல்ல கவசம். வாரத்துக்கு நாலைந்து ஜோடி இருந்தால் துவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

குளியலில் பீர்க்கங்காய் நாரையும் கடலை மாவையும் விட்டுவிட்டேன். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சோப்பு அக்குளிலும் தொடை இடுக்கிலும் மட்டும். மெல்லிய பழைய துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பில் ஈரம் சற்று இருக்கும்போதே வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பைத் தடவுகிறோம். இரவில் ஒரு முறை மறுபடியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. கை கால்களுக்கு நாளுக்கு இரண்டு வேளை இப்படி ஈரப்பதக் களிம்பு தடவியவர்களிடம் தோல் கிழிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இவ்வளவு மலிவான வழி இருக்க, அதைச் செய்யாமல் விடுவது வருத்தமான விஷயம். தடவும்போது தேய்க்காமல், மயிர் படியும் திசையிலேயே கையை ஓட்டச் சொல்லுங்கள். பாதத்தில் தடவினால் உடனே நடக்க விடாதீர்கள், வழுக்கும்.

வளையல் விஷயத்தில் உங்கள் தாயாரின் மனம் எனக்குப் புரிகிறது. என் மனைவி முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டு, வளையலை அந்தத் துணிக்கு மேலேயே போட்டுக்கொள்கிறாள். கண்ணாடி உடைந்தால் ஆபத்து என்பதால் விளிம்பு மழுங்கிய தங்க வளையல் இரண்டு மட்டும். தாயாரின் விருப்பத்துக்கும் இடம் கிடைக்கும், கையும் தப்பும்.

தயவுசெய்து இன்னொன்றையும் கேளுங்கள். காயம் படுமே என்று அவரை நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட வேண்டாம். நடை குறைந்தால் தசை குறையும், பிறகு விழுவதுதான் மிச்சம்.

காவேரிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரவிக்கைக்கு மேல் வளையல் போடும் யோசனையைச் சொன்னவுடனே அம்மா சம்மதித்துவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ரத்தம் கட்டுவதற்கு அந்த மாத்திரைகள்தான் காரணம் என்றால் சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா? அரிப்புக் களிம்பின் குழாயில் குளோபெட்டசால் என்று எழுதியிருக்கிறது. அதைத் தொடரலாமா?

பதில் 3: தோல் மருத்துவர்

மாத்திரைகளை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவராக இருந்தால் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியும். அவை ரத்தக்கட்டைப் பெரிதாக்குகின்றன என்பது உண்மை. ஆனால் மூலகாரணம் தோலிலேயே இருக்கிறது. வயது ஏற ஏற உள்தோலில் அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் குறைகிறது. மேல்தோலும் உள்தோலும் ஒன்றுக்குள் ஒன்று பல் கோத்தாற்போல் பிணைந்திருக்கும் எல்லை தட்டையாகிவிடுவதால், பக்கவாட்டில் சிறிது இழுத்தாலே மேல்தோல் கழன்றுவிடுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் லேசான உரசலிலும் அவை உடைகின்றன. இந்த ஊதாத் திட்டுகளை ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பேட்மன் 1818-இலேயே விவரித்திருக்கிறார். ஒன்று முதல் மூன்று வாரங்களில் மறையும். சில இடங்களில் பழுப்புக் கறை தங்கும், அதனால் தீங்கில்லை. வெயில் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. உங்கள் தாயாரின் மேற்கையின் உட்புறத் தோலையும் முன்கையின் வெளிப்புறத் தோலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான், ஆனால் வெயில் படாத தோல் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று தெரியும்.

எனக்கு உண்மையான கவலை அந்தக் களிம்பைப் பற்றித்தான். குளோபெட்டசால் மிகவும் வலுவான ஸ்டீராய்டு. சில வாரங்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் தடவ வேண்டிய மருந்து அது. பல ஆண்டுகள் தடவினால் ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலிய வைத்துவிடும். பீட்டாமெத்தசோன் கலந்த களிம்புகளும், நெடுநாள் சாப்பிடும் பிரெட்னிசோலோன் மாத்திரையும் அப்படியே. சீட்டில்லாமலே இவை கடைகளில் கிடைப்பதால் எத்தனையோ முதியவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்டு வருவதைப் பார்க்கிறேன். இருந்தாலும் நெடுங்காலம் தடவியதைத் திடீரென நிறுத்தினால் அரிப்பும் சிவப்பும் கடுமையாகத் திரும்பலாம். எனவே வலுக்குறைந்த மருந்துக்கு மாற்றி, படிப்படியாகவே விட வேண்டும். விட்ட பிறகு மெலிவு ஓரளவு சீராகும். முதுமையில் அரிப்பு பெரும்பாலும் வறட்சியால் வருவதால், முன்பு சொல்லப்பட்ட இரு வேளை ஈரப்பதக் களிம்பே அதையும் தணிக்கக்கூடும். அரிப்போடு நீர்க்கொப்புளங்கள் வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

ஈறில் ரத்தம் வருதல், மலம் தார்போல் கறுத்துப் போதல், உரசலே படாத வயிற்றிலும் முதுகிலும் திட்டுகள் தோன்றுதல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும் காத்திருக்க வேண்டாம். தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும், இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உணவில் பருப்பு, முட்டை, பால் போதுமான அளவு சேர்கிறதா என்பதையும் கவனியுங்கள். புரதம் குறைந்தால் காயம் ஆறாது.

இந்த வாரமே அருகிலுள்ள தோல் மருத்துவரிடம் தாயாரை அழைத்துச் செல்லுங்கள். அரிப்புக் களிம்பின் குழாயையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.