லாக் ஃபைலை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்தால் பில்டு ஓடுகிறது. மெர்ஜ் செய்யலாமா?

புதுக்கோடர்:
வணக்கம். வேறொரு அணியின் ரியாக்ட் ப்ராஜெக்ட் ஒன்று எங்கள் கைக்கு வந்திருக்கிறது. என் லேப்டாப்பில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ (ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்கும் கட்டளை) கொடுத்தால் ஓடுகிறது. பில்டு சர்வரில் ‘என்பிஎம் சிஐ’ வரும் இடத்தில், பேக்கேஜ்.ஜேசானும் (வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல்) பேக்கேஜ்-லாக்.ஜேசானும் (எதற்கு எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைல்) ஒத்துப்போகவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கீழே ஒரு வரி: “மிஸ்ஸிங்: @டெஸ்டிங்-லைப்ரரி/டாம் ஃப்ரம் லாக் ஃபைல்”. இரண்டு இடத்திலும் நோட் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) 20தான்.

பக்கத்து சீட்டுக்காரர் “லாக் ஃபைலைத் தூக்கிப் போடு, சர்வரிலும் இன்ஸ்டால்னு மாத்திடு” என்றார். செய்தேன், பில்டு ஆகிவிட்டது. ஆனால் கிட் டிஃப் (என்னென்ன மாறியது என்ற பட்டியல்) ஆயிரக்கணக்கான வரி நீள்கிறது. மெயின் கோடில் சேர்க்கும் மெர்ஜ் பட்டனை அமுக்கக் கை வரவில்லை.

பில்டு_காவலன்:
அமுக்காதே தம்பி. சர்வர் நின்றது நல்லதுக்குத்தான். ‘சிஐ’ நோட் மாட்யூல்ஸை (பேக்கேஜ்கள் இறங்கும் ஃபோல்டர்) முழுக்க அழித்துவிட்டு, லாக் ஃபைலில் இருப்பதை மட்டும் அப்படியே இறக்கும். லாக்கில் ஓர் எழுத்தைக்கூடத் தானாக மாற்றாது. கணக்கு இடித்தால் நின்றுவிடும், அதுதான் அதன் வேலை.

லாக்கை அழித்தால் என்ன ஆகும்? பேக்கேஜ்.ஜேசானில் ^4.1.0 என்று இருந்தால், 5-க்குக் கீழே இன்று இருக்கும் கடைசி வெர்ஷன் வந்து உட்காரும். நீ பெயரே கேட்டிராத உள்-பேக்கேஜ்களுக்கும் இதே கதைதான். உன் டிஃப் அதனால்தான் அவ்வளவு நீளம். 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜின் 3.3.6 வெர்ஷன் வழியாக பிட்காயின் திருடும் கோடு உள்ளே வந்தது இப்படித்தான். பழைய வெர்ஷனை லாக்கில் பூட்டி வைத்திருந்தவர்களிடம் அது வரவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்டிங்-லைப்ரரி/ரியாக்ட் 16-லிருந்து அந்த ‘டாம்’ பேக்கேஜ் பியர் டிபென்டன்சி (தன்னோடு கொண்டுவராமல், ப்ராஜெக்ட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு பேக்கேஜ் கேட்கும் இன்னொரு பேக்கேஜ்) ஆகிவிட்டது. என்பிஎம் 7 முதல் பியர்கள் தானாகவே இன்ஸ்டால் ஆகும். அது லாக்கில் இல்லை என்றால், யாரோ பியர்களைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் லெகசி-பியர்-டெப்ஸ் ஃபிளாக் போட்டு அந்த லாக்கை எழுதியிருக்க வேண்டும். நீயும் அதைப் போட்டுத்தான் இன்ஸ்டால் செய்கிறாயா?

புதுக்கோடர்:
ஆமாம் அண்ணா! ரீட்மீயில் அப்படித்தான் இருக்கிறது, யோசிக்காமல் காப்பி செய்து போட்டேன். ஏதோ ஒரு பழைய கேலண்டர் பேக்கேஜுக்காக என்று குறிப்பும் இருக்கிறது. அந்தப் பேக்கேஜ் இப்போது ப்ராஜெக்ட்டிலேயே இல்லை.

பில்டு_காவலன்:
அப்புறம் என்ன, வியாதி போன பிறகும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. லாக் எந்த ஃபிளாக்கோடு எழுதப்பட்டதோ, ‘சிஐ’க்கும் அதையே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடிக்கும்.

பழைய லாக்கை கிட்டிலிருந்து மீட்டுக்கொள். நோட் மாட்யூல்ஸை மட்டும் அழி. ஃபிளாக் இல்லாமல் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கொடு. லாக் இருந்தால் இன்ஸ்டால் அதை மதிக்காது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பேக்கேஜ்.ஜேசானோடு முரண்படாத வெர்ஷன்களை அது தொடாது, விடுபட்டதை மட்டும் சேர்க்கும். டிஃப்பைப் படித்துப் பார்த்துவிட்டு, உன் லேப்டாப்பிலேயே ஒருமுறை ‘சிஐ’ ஓட்டு. அது தாண்டினால் புஷ் செய். ரீட்மீயில் அந்த வரியையும் அடித்துவிடு.

ஃபிளாக் உண்மையிலேயே தேவைப்படும் ப்ராஜெக்ட் என்றால், ‘லெகசி-பியர்-டெப்ஸ்=ட்ரூ’ என்று டாட்-என்பிஎம்ஆர்சி என்ற என்பிஎம் செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி கமிட் செய்துவிட வேண்டும். ஆளாளுக்கு நினைவு வைத்துக்கொள்கிற வேலை அது இல்லை.

மேக்_வாசி:
லாக்கை அழிக்கவே கூடாது என்றும் சொல்ல முடியாது. எங்கள் லாக் மேக்கில் எழுதப்பட்டது, சர்வர் லினக்ஸ். ‘@ரோலப்/ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-ஜிஎன்யு’ (கோடைக் கட்டித்தரும் ரோலப் கருவியின் லினக்ஸ் பகுதி) கிடைக்கவில்லை என்று விழுந்தது. ஆப்ஷனல் டிபென்டன்சிகளில் (மெஷினைப் பொறுத்து இறங்கும் பேக்கேஜ்கள்) என்பிஎம்முக்கு வந்த பக் அது. லாக்கையும் நோட் மாட்யூல்ஸையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லி ரோலப்பின் எர்ரர் மெசேஜே கேட்கிறது.

பில்டு_காவலன்:
ஒத்துக்கொள்கிறேன், அது வேறு கேஸ். ஆனால் அதைத் தனி புல் ரிக்வெஸ்ட்டாகப் போட்டு, டெஸ்ட் எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம்.

புதுக்கோடர்:
ஓடிவிட்டது அண்ணா. டிஃப் இப்போது ஒரே திரையில் அடங்குகிறது: டாம் பேக்கேஜும் அது கூட்டிவந்த சிலதும்தான். சர்வரில் ‘சிஐ’யை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு இந்த லிங்க்கை அனுப்புகிறேன்.