பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. 2014-இல் வாங்கிய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் ஒன்றை இன்றுவரை வைத்திருக்கிறேன். ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி போட்டபின் மற்ற எல்லா வேலைக்கும் நன்றாகவே ஓடுகிறது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கொஞ்சம் பெரிய காட்சியைத் திறந்தால்தான் 2 ஜிபி வீடியோ மெமரி போதவில்லை.

பெரும்பாலான லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுவார்கள், மாற்ற வழியே இல்லை. அதனால் நேற்று பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்குக் கீழே உள்ளங்கை அளவில் தனிப் பலகை, ஓரத்தில் எம்எக்ஸ்எம் ஸ்லாட், அதாவது கார்டைக் கழற்றி மாற்றக்கூடிய இணைப்பு! அவ்வளவு சந்தோஷம். இப்போது இருப்பது என்விடியாவின் குவாட்ரோ கே2100எம் கார்டு, 55 வாட்.

4 ஜிபி உள்ள குவாட்ரோ எம்2000எம் போடலாமா என்று யோசிக்கிறேன். அதுவும் 55 வாட் என்பதால் சூடும் அடாப்டரும் பிரச்சினையாக இருக்காது என்று நினைக்கிறேன். என் பயமெல்லாம் லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் பற்றித்தான். புதிய கார்டை அது ஏற்காமல் திரை இருட்டாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது? கார்டுக்குள்ளேயே இருக்கும் வீபயாஸை மாற்றி எழுத வேண்டியிருக்குமா?

அப்புறம், பழைய ஹீட்சிங்கின் திருகு துளைகளும் செம்புத் தகடும் புதிய கார்டின் சிப், மெமரி மேல் சரியாக உட்காருமா? மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே வைக்கும் தெர்மல் பேட் எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் வாங்கலாம்?

லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் வழியாக வெளியே கிராபிக்ஸ் கார்டு இணைக்கலாம் என்கிறார்கள். தரவு போய்வர ஒரே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்தான் கிடைக்கும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கையால் செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். இந்த லேப்டாப்பைத் தூக்கிப்போட எனக்கு விருப்பமே இல்லை.