ஷோரூமில் கொடுக்கிற காப்புறுதி பேக்கேஜ்: சனிக்கிழமைக்குள் கையெழுத்து போடலாமா?

செங்காங்_காற்று (புதன், இரவு 10.40)
எல்லாருக்கும் வணக்கம். எங்க பழைய காருக்கு அடுத்த மாசம் சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சுக்க வாங்குற உரிமைச் சான்றிதழ்) முடியுது. மாமியாருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ், அதனால கார் இல்லாம எங்களுக்கு ஓடாது. லெங் கீ சாலையில ஒரு ஷோரூம்ல புதுக் கார் பார்த்திருக்கோம். சிஓஇயோட சேர்த்து 170,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கையில 68,000 இருக்கு, மிச்சம் 102,000 கடன், 7 வருஷம்.

கடனையும் காப்புறுதியையும் அவங்ககிட்டயே எடுத்தா 3,000 வெள்ளி தள்ளுபடியாம். கடன் வட்டி 2.98 விழுக்காடு. காப்புறுதி வருஷத்துக்கு 1,950. அதுக்கு மேல "முழுப் பாதுகாப்பு"ன்னு ஒரு பேக்கேஜ் 780 வெள்ளி. அதுல என்சிடி (கிளைம் பண்ணாத வருஷங்களுக்குக் கிடைக்கிற பிரீமியக் கழிவு) பாதுகாப்பு, புதுசுக்குப் புதுசு (கார் முழுசா போயிட்டா சந்தை மதிப்புக்குப் பதிலா புதுக் கார்), முன்கண்ணாடிக்கு எக்சஸ் (கிளைம்ல நாம கைக்காசா போடுற பங்கு) கிடையாது, சாவி தொலைஞ்சா மாற்றுச் சாவி, கார் பட்டறையில இருக்கிறப்போ போக்குவரத்துச் செலவு எல்லாம் இருக்கு. என் பேர்ல என்சிடி 50 விழுக்காடு இருக்கு. வெளியில கேட்டப்போ வங்கி வட்டி 2.48, காப்புறுதி 1,420. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எடுக்கலாமா, விடலாமா?

பட்டறை_அண்ணன் (புதன், இரவு 11.15)
விடுங்க தங்கச்சி. 22 வருஷமா சின் மிங்கிலயும் காக்கி புக்கிட்டிலயும் காடி பழுது பார்த்தவன் சொல்றேன். சட்டம் கேட்கிறது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். கடன் இருந்தா வங்கி முழுமைக் காப்புறுதி கேட்கும். அதை ஷோரூம்லதான் வாங்கணும்னு எவனும் சொல்ல முடியாது. ஷோரூம் காப்புறுதி விக்கிற முகவர்தான், பாலிசி வேற கம்பெனியோடது. முன்கண்ணாடி ஏற்கனவே பெரும்பாலான முழுமைக் காப்புறுதியில சேர்ந்தே வரும், எக்சஸ் சுமார் 100 வெள்ளி. அந்த நூறை மிச்சம் பண்ண வருஷா வருஷம் ஏன் காசு கட்டணும்?

பிஐஇ_பயணி (வியாழன், காலை 7.05)
அண்ணே, மன்னிக்கணும், இதுல நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன். போன வருஷம் என் புதுக் கார் 8ஆவது மாசத்துல போச்சு. சாயங்கால மழை, பிஐஇ விரைவுச்சாலையில யூனோஸ் பக்கம் சறுக்கி நானே தடுப்புச் சுவர்ல மோதினேன். என் தப்புதான், யாரையும் சொல்ல முடியாது. நான் கொடுத்த விலை 148,000. மதிப்பீட்டாளர் சொன்ன சந்தை மதிப்பு 126,000. 22,000 வெள்ளி காத்துல போயிருக்கும். "புதுசுக்குப் புதுசு" எடுத்திருந்ததால தப்பிச்சேன். அன்னைக்கு ஷோரூம்ல அதை எடுக்கச் சொல்லி வற்புறுத்தினதே என் மனைவிதான். தூக்கிப் போடுங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லாதீங்க.

கணக்கு_டீச்சர் (வியாழன், காலை 7.50)
இரண்டு பேரும் பேக்கேஜைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அந்த 3,000 தள்ளுபடியைப் பார்க்கிறேன். கார் கடன் வட்டி முழுத் தொகைக்கும் கடைசி வரை ஒரே மாதிரி ஓடும். 2.98க்கும் 2.48க்கும் வித்தியாசம் அரை விழுக்காடு. 102,000க்கு அது வருடத்துக்கு 510 வெள்ளி, ஏழு வருடத்துக்கு 3,570. தள்ளுபடி போக 570 நஷ்டம். காப்புறுதியில் 530 கூடுதல். பேக்கேஜைத் தொடுவதற்கு முன்பே, முதல் வருடக் காப்புறுதியை மட்டும் சேர்த்தாலும், 1,100 வெள்ளி கையை விட்டுப் போகிறது. இதைத்தான் தள்ளுபடி என்று எழுதித் தருகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

முன்னாள்_ஷோரூம் (வியாழன், பகல் 12.30)
டீச்சர், உங்க கணக்கு சரி. ஆனா ஏழு வருஷம்னு வச்சதால அப்படி வருது. 4 வருஷக் கடன்னா வட்டி வித்தியாசம் 2,040தான், 3,000 தள்ளுபடி ஜெயிக்குது. காப்புறுதி 530 போனாலும் 430 லாபம். நான் 9 வருஷம் ஷோரூம்ல வேலை பார்த்தவன். விக்கிறவங்க எல்லாரும் ஏமாத்துறவங்க இல்லை. விபத்து நடந்த அன்னைக்கு ஒரே நம்பருக்கு அடிச்சா போதும்ங்கிற நிம்மதிக்கும் விலை இருக்கு. ஏஜெண்டு பட்டறையில (காரை விக்கிற கம்பெனியோட பட்டறை), அசல் உதிரிபாகத்தோட, வாரண்டிக்குச் சேதம் இல்லாம வேலை நடக்கும்.

செங்காங்_காற்று (வியாழன், பகல் 1.10)
அண்ணே, 4 வருஷம்னா மாசத் தவணை கிட்டத்தட்ட 2,380 வருது. ஏழு வருஷம்னாலே 1,470. நாலு வருஷம் எங்களால முடியாது.

கணக்கு_டீச்சர் (வியாழன், பகல் 1.25)
நான்கு வருடத்துக்கு அவர் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாணய ஆணையம் அதிகபட்சம் ஏழு வருடம், ஓஎம்வி (வரிகளுக்கு முந்தைய, காரின் இறக்குமதி மதிப்பு) 20,000 வெள்ளிக்கு மேல் போனால் 60 விழுக்காடு கடன் என்று வைத்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அந்த விளிம்பில் நின்றுதான் கார் வாங்குகிறோம். வட்டி வித்தியாசம் அங்கேதான் அதிகமாக வலிக்கும்.

பட்டறை_அண்ணன் (வியாழன், மாலை 6.20)
வாரண்டி பேச்சை எடுத்தீங்களே தம்பி, அதுக்கு வர்றேன். 2017 டிசம்பர்ல போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதும், வெளிப்பட்டறையில சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடும்ங்கிற நிபந்தனையை கார் முகவர்கள் எடுத்தாங்க. வெளிப்பட்டறை செஞ்ச தப்பாலதான் பழுதுன்னா அதுக்கு மட்டும் மறுக்கலாம். ஆனா ஷோரூம்ல இன்னைக்கும் "வெளியில போனா வாரண்டி இல்லை"ன்னு பயமுறுத்துறதை என் காதால கேட்டிருக்கேன். வயசானவங்க அதை நம்பி மடமடன்னு கையெழுத்து போடுறாங்க. மனசு பொறுக்கலை.

இன்னொண்ணு, என்சிடி பாதுகாப்பு. சின்னக் கீறலுக்கு யாரு கிளைம் பண்றாங்க? கைக்காசு போட்டுச் சரி பண்ணிட்டுப் போயிடுவாங்க. ஆனா கிளைம் பண்ணாட்டியும் 24 மணி நேரத்துல, இல்லாட்டி அடுத்த வேலை நாளுக்குள்ள, காப்புறுதி கம்பெனிக்கு விபத்தைச் சொல்லியே ஆகணும். இதைப் பல பேர் மறந்துட்டு என்சிடியில அடி வாங்குறாங்க.

முன்னாள்_ஷோரூம் (வியாழன், மாலை 7.00)
ஏஜெண்டு பட்டறை, வெளிப்பட்டறை ரெண்டுமே சட்டப்படி சரிதான். அதை மறுக்கலை. என்சிடி பாதுகாப்பை மட்டும் அவ்வளவு லேசாத் தள்ளாதீங்க. 50ல இருக்கிறவங்க ஒரு கிளைம் பண்ணா 20க்கு இறங்கும். திரும்ப 50 ஏற மூணு வருஷம். டீச்சர், இதையும் கணக்குப் போடுங்களேன்.

கணக்கு_டீச்சர் (வியாழன், இரவு 8.40)
போட்டேன். வெளியில் கேட்ட 1,420 என்பது 50 விழுக்காடு கழித்த தொகை, அப்படியென்றால் அடிப்படை 2,840. கிளைமுக்குப் பிறகு முதல் வருடம் 852, அடுத்து 568, அடுத்து 284 கூடும். மொத்தம் 1,704 வெள்ளி. சிறிய தொகை இல்லை. ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அதே கம்பெனியில் இருக்கும்வரைதான். வேறு கம்பெனிக்கு மாறினால் அவர்கள் உண்மையான 20ஐத்தான் பார்ப்பார்கள். கிளைமுக்குப் பிறகு பழைய கம்பெனி அடிப்படைப் பிரீமியத்தையே ஏற்றினால் நீங்கள் கட்டிப்போட்ட மாடு.

ஈசூன்_வாசி (வியாழன், இரவு 9.15)
ஜொகூர் போவீங்களா சகோதரி? நாங்க மாசா மாசம் குளுவாங் போறோம். பாலிசி மேற்கு மலேசியாவுக்குச் செல்லும்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா அங்கே கார் படுத்துட்டா இழுத்து வர்ற செலவு எவ்வளவு வரைக்கும்னு கேட்டு வச்சுக்குங்க.

பட்டறை_அண்ணன் (வியாழன், இரவு 9.40)
பிஐஇ தம்பி, உங்களுக்கு ஒரு கேள்வி. புதுக் காடி கொடுத்தாங்க சரி, புது சிஓஇக்கு யார் காசு?

பிஐஇ_பயணி (வியாழன், இரவு 10.05)
நல்ல கேள்வி அண்ணே, முதல்லயே சொல்லியிருக்கணும். என் பாலிசியில நான் கொடுத்த விலை வரைக்கும்தான். அதுக்குள்ள சிஓஇ ஏறிடுச்சு, 6,000 வெள்ளி கைக்காசு போட்டேன். பதிவு பண்ண முதல் 12 மாசத்துக்குத்தான் அது செல்லும். ஆனாலும் 22,000 இழக்கிறதுக்கு 6,000 போட்டது எவ்வளவோ மேல். 2023 அக்டோபர்ல சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 தொட்டுச்சு. நம்ம ஊர்ல கார் விலையில பாதிக்கு மேல ஒரு காகிதத்துக்குத்தான் போகுது. அதைக் காப்பாத்தாம வேற எதைக் காப்பாத்துறது?

பட்டறை_அண்ணன் (வியாழன், இரவு 10.30)
முதல் வருஷத்துக்கு அது ஒண்ணு மட்டும்னா சரின்னு சொல்றேன். அதையும் வெளிக் கம்பெனியில தனியா கேளுங்க. ரெண்டாம் வருஷம் அதுக்குக் காசு கட்டாதீங்க.

தங்கச்சி, நீங்க மாமியாரைச் சொன்னதால ஒண்ணு. போக்குவரத்துச் செலவை நானே வேண்டாம்னுதான் எழுத வந்தேன். யோசிச்சுப் பார்த்தேன். புது மாடல் காடிக்கு உதிரிபாகம் வர சில சமயம் ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் காடி லிஃப்ட்லயே நிக்கும். அந்த நாள்ல அம்மா டயாலிசிஸுக்கு எப்படிப் போவாங்கன்னு பாருங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனாவது நாள்ல இருந்து தர்றாங்கன்னு பாலிசியைப் புரட்டிப் பாருங்க. பல பேர் இதைத்தான் பார்க்கிறதில்லை.

செங்காங்_காற்று (சனி, மாலை 5.30)
இப்பதான் ஷோரூம்ல இருந்து வந்தோம். கடன், காப்புறுதி ரெண்டும் இல்லாம என்ன விலைன்னு எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன். முதல்ல தள்ளுபடியே கிடையாதுன்னாங்க. எழுந்து கதவு வரைக்கும் வந்தோம். அப்புறம் மேனேஜர் வந்து எந்த நிபந்தனையும் இல்லாம 1,200 குறைச்சார். கையெழுத்து போட்டோம்.

கடன் வங்கியில 2.48. காப்புறுதி வெளியில. புதுசுக்குப் புதுசு, போக்குவரத்துச் செலவு ரெண்டும் சேர்த்து 1,630 வெள்ளி. போக்குவரத்துச் செலவு முதல் நாள்ல இருந்தே வருதுன்னு எழுத்துல வாங்கிட்டேன். சாவி வேண்டாம்னுட்டோம். என்சிடி பாதுகாப்புக்குத் தனியா 95 சொல்றாங்க. வீட்டுக்காரர் எடுக்கலாம்ங்கிறார், நான் வேண்டாம்ங்கிறேன்.

முன்னாள்_ஷோரூம் (சனி, மாலை 6.10)
95தானே, எடுத்திடுங்க அக்கா. வாரம் மூணு நாள் மருத்துவமனை கார் நிறுத்துமிடத்துல நுழைஞ்சு வர்றீங்க. 1,704க்கு 95 பெரிசு இல்லை.

பட்டறை_அண்ணன் (சனி, மாலை 6.25)
நான் எடுக்கமாட்டேன். அது உங்க ரெண்டு பேர் முடிவு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: என்சிடி ஒரு நேரத்துல ஒரு காடிக்குத்தான். பழைய காடியோட பாலிசி உங்க பேர்ல ஓடுற வரைக்கும் புதுசுக்கு அந்த 50 வராது. தேதி இடிச்சுக்காம பார்த்துக்குங்க.

செங்காங்_காற்று (சனி, மாலை 6.40)
ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணே. பழசை 18ஆம் தேதி பதிவு நீக்குறோம், புதுசு 16ஆம் தேதி வருதுன்னு சொல்லியிருக்காங்க. இப்பவே சேல்ஸ்மேனுக்கு போன் போட்டு 19க்குத் தள்ளிவைக்கச் சொல்றேன்.